நீலகிரியில் சொன்னவர்களும் எழுதியவர்களும்

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் எருமையைத் தேடிப் போனால், தமிழ் ‘எருமை’யையும் மலையாள ‘எரும’வையும் ஒட்டி இரண்டு சின்னஞ்சிறு சொற்கள் நிற்கும். கோத்தர் மொழியில் ‘இம்’. தோடர் மொழியில் ‘இர்’. பெண்ணெருமைக்குத் தோடர் வைத்திருக்கும் பெயர் அது. 1961-இல் முதலில் அச்சாகி, 1984-இல் திருத்திய பதிப்பு கண்ட அந்த அகராதியில் 5,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. தமிழின் தொன்மையைப் பேசுகிறவர்கள் ஓயாமல் அதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதன் பக்கங்களில் தமிழுக்குப் பக்கத்துணையாக வந்து நிற்கும் இந்தச் சிறு மொழிகளின் சொற்கள் அங்கே எப்படி வந்தன என்று கேட்பவர் குறைவு.

எழுத்தே இல்லாத மொழிகள் இவை. கல்வெட்டு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. ஒருவர் உட்கார்ந்து சொன்னார், இன்னொருவர் உட்கார்ந்து எழுதினார். அப்படித்தான் வந்தன. எழுதியவரின் பெயர் அட்டையில் இருக்கிறது. சொன்னவர்களின் கதை அதைவிடச் சுவையானது.

நீலகிரி மேட்டுநிலத்தில் நெடுங்காலம் நான்கு சமூகங்கள் ஒன்றை ஒன்று சார்ந்து வாழ்ந்தன. தோடர் எருமை வளர்த்தார்கள், பாலும் நெய்யும் அவர்களுடையவை. படகர் தானியம் விளைத்தார்கள். கோத்தர் இரும்பு அடித்தார்கள், கோத்தப் பெண்கள் பானை வனைந்தார்கள், இழவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கோத்தரின் குழலும் கொம்பும் மேளமும்தான் போக வேண்டும். குறும்பர் காட்டிலிருந்து தேன் கொண்டுவந்தார்கள், அவர்களுடைய மந்திரத்துக்கு எல்லாரும் அஞ்சினார்கள். பணம் புழங்காத அந்த ஏற்பாட்டில் எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்துக்குக் கடமைப்பட்டது என்பது தலைமுறை தலைமுறையாக வாய்ச்சொல்லிலேயே நின்றது.

வெளியிலிருந்து வந்து இதைப் பார்த்து எழுதிய முதல் ஆள் ஒரு பாதிரியார். மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்றொரு வதந்தியை நம்பி, 1603-இல் மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்தார் ஃபினிசியோ. தேடியவர்கள் கிடைக்கவில்லை. எருமை மேய்க்கும் தோடர்களைக் கண்டார், துபாஷி வைத்துப் பேசினார், பெண்களுக்குக் கண்ணாடிகளைப் பரிசளித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக மலை தன் பாட்டில் இருந்தது. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வந்து சேர்ந்ததும் நிலைமை மாறியது. குளிர் தேடி வந்த துரைமார் ஒவ்வொருவரும் தோடரைப் பற்றி ஒரு வரியாவது எழுதினார்கள். நெடிய உருவம், நீண்ட தாடி, தோளைச் சுற்றிய வெள்ளைப் போர்வை. இவர்கள் யூதரோ, ரோமரோ என்றெல்லாம் கற்பனை பறந்தது. 1832-இல் ஹார்க்னெஸ் என்ற படைத்தலைவர் ஒரு புத்தகமே போட்டுவிட்டார்.

1873-இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி எழுதிய தோடர் நூல் தமிழருக்கு இன்னொரு வகையில் முக்கியமானது. மண்டையோட்டின் மேடுபள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் போலிச் சாத்திரத்தை நம்பியவர் மார்ஷல், அந்த நம்பிக்கையோடுதான் தோடர் நடுவில் போனார். ஆனால் அவருடைய நூலின் பின்னிணைப்பில் தோடர் மொழிக்கு ஒரு சுருக்கமான இலக்கணம் இருக்கிறது. எழுதியவர் ஜி.யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அதே போப். ஊட்டியில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் காதில் விழுந்த மொழி அது. தமிழறிஞர் ஒருவர் தோடர் மொழியைத் தனி மொழியாக மதித்து இலக்கணம் வரைய முனைந்ததை அவருடைய பெரும் நூல்களின் நிழலில் நாம் மறந்துவிட்டோம்.

போப் காட்டிய வழியில் உடனே யாரும் போகவில்லை. அடுத்த தலைமுறையில் மதராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு வந்தார். மூக்கின் அகலம், தலையின் நீளம், தோளின் உயரம் எல்லாம் கணக்கில் ஏறின. 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ இன்றும் நூலகங்களில் தூசியோடு நிற்கிறது. வழக்கங்களைப் பற்றி அதில் ஏராளமான செய்திகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனாலும் ஒரு மனிதனை நிற்கவைத்து மூக்கை அளந்தவர் அறிந்தது மூக்கின் அளவைத்தான். அந்த மனிதனுக்குத் தெரிந்த பாட்டு அளவுகோலில் ஏறாது.

முதலில் காதைத் தீட்டிக்கொண்டு வந்தவர் கேம்பிரிட்ஜின் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். மருத்துவர், உளவியலாளர். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன ஆய்வுக் குழுவில் இருந்தபோது, உறவுமுறையைக் கேட்டுக் கேட்டு வம்ச வரிசை வரைந்தால் ஒரு சமூகத்தின் மொத்தக் கட்டுமானமும் தெரிந்துவிடும் என்று கண்டுகொண்டவர். அந்த முறையை முழு வீச்சில் கையாண்டது தோடரிடத்தில்தான். 1901, 1902-இல் சில மாதங்கள் மலையில் இருந்தார். அப்போது தோடர்கள் ஏறத்தாழ 800 பேர். அந்தச் சமூகம் முழுவதையும் அட்டவணைகளுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்றே சொல்லலாம்.

அது எளிதாக நடக்கவில்லை. இறந்துபோன தன் முன்னோரின் பெயரை வாயால் சொல்வது தோடரிடையே விலக்கு. தாத்தாவின் பெயரைக் கேட்டால் பேரன் வாய் திறக்க மாட்டான். ஆகவே ஒரு குடும்பத்தின் வரிசையை வேறு குடும்பத்து ஆளிடம், தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உபதேசியார் சாமுவேல் மொழிபெயர்த்துச் சொல்ல, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, பொருந்தாததைத் திரும்பக் கேட்டு எழுதினார். 1906-இல் வந்த ‘தோடர்கள்’ 700 பக்கத்தைத் தாண்டிய நூல். மானிடவியலில் களப்பணி என்ற சொல்லுக்குப் பொருள் கொடுத்த தொடக்க நூல்களில் அதுவும் ஒன்று.

அந்த நூலின் முன்பகுதியில் ரிவர்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருக்கும் ஒரு செய்தி உண்டு. தோடரின் கோயில் என்பது பால்மனை. எருமைப் பாலைக் கறந்து, உறையிட்டு, கடைவதே அங்கே வழிபாடு. அதிலும் ‘தி’ எனப்படும் மிகப் புனிதமான பால்மனைகளில், ‘பலோல்’ என்ற பூசாரி செய்யும் சடங்குகளும் சொல்லும் மந்திரப் பெயர்களும் வெளியார் காதில் விழக் கூடாதவை. ரிவர்ஸ் அவற்றைக் கேட்டார். சிலர் சொன்னார்கள். கொஞ்ச நாளில் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். தெய்வங்களின் சினம் என்று தோடர்கள் நம்பினார்கள். அதன்பின் பல வாய்கள் மூடிக்கொண்டன. தகவல் ஊற்று வற்றிப்போனதை ரிவர்ஸே பதிவு செய்திருக்கிறார். அச்சிட்டதால் அந்த மந்திரப் பெயர்கள் பிழைத்தன என்பது உண்மை. அவற்றைச் சொன்னவர்கள் அதற்காக அச்சத்தில் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமல் ரிவர்ஸின் நூலைப் படிப்பது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி.

முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வந்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1904-இல் பிறந்த மரே எமனோ. யேல் பல்கலைக்கழகத்தில் வேதாளக் கதைகளின் சமஸ்கிருதப் பிரதியை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் பேரறிஞர் எட்வர்ட் சபீரிடம் அங்கேயே மொழியியல் பயின்றார். எழுத்தில்லாத மொழிக்கு எழுத்துள்ள மொழியைவிடக் குறைந்த இலக்கணம் கிடையாது என்பது சபீர் பள்ளியின் அடிப்படைப் பாடம். தோடர் மொழியை எடுத்துக்கொள் என்று தூண்டியவரும் சபீர்தான். 1935-இல் வந்த எமனோ 1938 வரை இந்தியாவில் இருந்தார். தோடர், கோத்தர், படகர், குடகர், மத்திய இந்தியாவின் கோலாமியர் என்று அந்த மூன்றாண்டில் அவர் திரட்டியது, 101 வயது வரை வாழ்ந்த ஒரு மனிதரின் ஆயுள் முழுவதற்குமான வேலையாக ஆயிற்று.

கோத்தர் மொழிக்கு அவருக்கு வாய்த்தவர் சுல்லி. ஆங்கிலம் படித்த பள்ளி ஆசிரியர். கோத்தர்களில் அப்படி ஒருவர் அன்றைக்கு அபூர்வம். எமனோ 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட ‘கோத்தர் பனுவல்கள்’ என்ற தொகுப்பின் கதைகள் பெரும்பாலும் சுல்லி வாயிலிருந்து வந்தவை. சுல்லி சொல்லச் சொல்ல எமனோ ஒலிக்குறிகளில் எழுதினார். 1937-இல் கோத்தரை ஆராய வந்த அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் மேண்டல்பாமுக்கும் துணை நின்றவர் இதே சுல்லி. பின்னாளில் சுல்லியைப் பற்றியே மேண்டல்பாம் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பின் பொருள், தன் மக்களைச் சீர்திருத்தியவர் என்பது.

சீர்திருத்தியவர்! அங்கேதான் இந்தக் கதை ஆழமாகிறது. பழங்கதைகளைச் சொன்ன சுல்லி, பழமையைக் கட்டிக்காக்க நினைத்தவர் அல்லர். ஆண்கள் நீண்ட முடி வைத்துக் கொண்டையிடுவது கோத்தர் வழக்கம். சுல்லி கிராப்பு வெட்டிக்கொண்டார். ஊர் கொதித்தது. செத்த மாட்டின் இறைச்சியை விடுங்கள், அடுத்தவர் இழவுக்குப் போய் ஊதி அடிப்பதை விடுங்கள் என்று வாதாடினார். அந்த இரண்டும்தான் மற்ற சமூகத்தார் கோத்தரைத் தாழ்த்திப் பார்க்கச் சாக்காக இருந்தன என்பது அவர் கண்ட உண்மை. 1924-இல் விட்டு விட்டு வரும் ஒரு கொடுங்காய்ச்சல் கோத்தர் ஊர்களில் பலரைக் கொண்டுபோயிருந்தது. பழைய தெய்வங்கள் கைவிட்டன என்ற கலக்கத்தில் சமவெளியிலிருந்து புதுத் தெய்வங்கள் மலையேறி வந்திருந்தன. எல்லாமே ஆட்டம் கண்டிருந்த அந்த நேரத்தில்தான் சுல்லி, பகலில் தன் சமூகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே, ஒரு வெளிநாட்டாருக்கு அதன் கதைகளை வரி பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதைகளில் அவரே நடுநாயகமாக இருப்பார் என்று மேண்டல்பாம் குறித்திருக்கிறார். இருக்கட்டுமே. கதை சொல்லிக்கு அந்த உரிமை உண்டு.

மரபைக் காப்பவர்கள் என்றால் மாற்றத்தை வெறுக்கும் கிழவர்கள் என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கிறது. சுல்லி அந்தப் படத்தைக் கிழித்துப் போடுகிறார். ஒரு வழக்கத்தை அவமானம் என்று கருதி அதை விட்டொழிக்கப் போராடியவரே, அதன் கதையை அழியவிடாமலும் காத்தார். வாழ்க்கையில் எதை வைத்துக்கொள்வது, நினைவில் எதை வைத்துக்கொள்வது என்ற இரண்டு முடிவையும் எடுக்கும் அதிகாரம் அந்தச் சமூகத்து மனிதருக்கு மட்டுமே உண்டு. ஆய்வாளர்கள் பலர் இதை உணரப் பல தலைமுறை ஆயிற்று.

இனி தோடர் பாட்டுக்கு வருவோம். எமனோவின் மலைப்பணியில் முடிமணி அதுதான். ‘தோடர் பாடல்கள்’ 1971-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சானது. சுமார் ஆயிரம் பக்கம். களத்தில் எழுதியதற்கும் நூல் வந்ததற்கும் இடையே 33 ஆண்டு. ஏன் இத்தனை காலம் என்று கேட்டால், பாட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

தோடர் பேச்சு வேறு, பாட்டு வேறு. பாட்டில் எந்தச் செய்தியும் ஒற்றையாக வராது. ஒரு சொற்றொடர் வந்தால் அதன் இணை உடனே வர வேண்டும், இரட்டைக் காளை பூட்டியதுபோல. மந்து எனப்படும் தோடர் குடியிருப்புக்கு ஓர் இணைப்பெயர், எருமைக்கு ஓர் இணைப்பெயர், சோலைக்கும் ஓடைக்கும் குன்றுக்கும் அப்படியே. இன்ன பெயருக்கு இன்ன இணை என்பது காலங்காலமாக நிலைத்தது, பாடுகிறவர் அதை மாற்ற முடியாது. ஆனால் எந்த இணைகளை எடுத்து எந்த வரிசையில் கோக்கிறார் என்பதில் அவருடைய திறமை முழுவதும் தெரியும். யாரைப் பற்றிய பாட்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. குலம், மந்து, எருமை என்று குறிப்புகள் வரும், கேட்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அகத்திணைப் பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டாத மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த இன்பம் எளிதில் புரியும். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்வதற்கில்லை, சுவை ஒத்துப்போகிறது, அவ்வளவே.

இன்னொரு வியப்பு, பாட்டுக் கட்டத் தனிப் புலவர் என்று யாருமில்லை. ஆண் பெண் எவரும் கட்டலாம். வளைகாப்பு போன்ற வில் கொடுக்கும் சடங்கு, எருமைகளை மேய்ச்சல் மாற்றி ஓட்டிச் செல்லும் நாள், சாவு என்று எந்த நிகழ்வுக்கும் அப்போதைக்கப்போது புதுப்பாட்டு பிறக்கும். சாவு வீட்டில் இருவர் இருவராக அமர்ந்து நெற்றியோடு நெற்றி முட்டி அழும் தோடரின் துக்கம் அந்தப் பாட்டிலேயே வடியும்.

இந்த இணைகளுக்கெல்லாம் விளக்கம் எழுதாமல் ஒரு பாட்டைக்கூட மொழிபெயர்க்க முடியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் வரலாறும் ஒரு மேய்ச்சல் வெளியின் வரைபடமும் இருந்தன. அங்கே ரிவர்ஸின் அட்டவணைகள் எமனோவுக்குக் கைகொடுத்தன. முன்னோர் பெயரை உச்சரிக்க அஞ்சிய மனிதர்கள் 1902-இல் தயங்கித் தயங்கித் தந்த பெயர்கள், 1930-களின் பாட்டுகள் யார் யாரைக் குறிக்கின்றன என்று அறிய உதவின.

எமனோ தொடங்கியதைப் பலர் தொடர்ந்தார்கள். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் இருளர் மொழிக்கு இலக்கணம் எழுதினார். பால் ஹாக்கிங்ஸ் படகரின் பழமொழிகளையும் வேண்டுதல்களையும் சாபங்களையும் தொகுத்தார். கோத்தர் ஊரில் தங்கி அவர்களுடைய இசையைக் கற்ற ரிச்சர்ட் உல்ஃப் 2005-இல் ஒரு முழு நூல் தந்தார். சுல்லி விரும்பியபடியே கோத்தர் அடுத்தவர் இழவுக்கு ஊதுவது பெரும்பாலும் நின்றுபோயிற்று. படகரும் தங்கள் பக்கமிருந்து அதைக் கைவிட்டார்கள். ஆனால் கோத்தரின் ஏழு ஊர்களில் தங்கள் தெய்வத்துக்காகவும் தங்கள் சாவுக்காகவும் கொல் குழலும் கொம்பும் ஒலிப்பது நிற்கவில்லை. ஏவலுக்கு வாசித்த இசை போய், தமக்கென வாசிக்கும் இசை நின்றது. இதை இழப்பு என்று மட்டும் எழுதுகிறவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. தோடர் பாட்டில் வரும் இணைப்பெயர்களில் பெரும்பகுதி இடங்களின் பெயர். செத்தவரின் உயிர் மேற்கே போய் ‘அம்னோடர்’ என்ற மறுவுலகை அடையும் வழியிலுள்ள பாறையும் ஓடையும்கூடப் பெயர் பெற்றவை. அந்த வழியை நடந்தே பார்த்துத் தாவரங்களோடு சேர்த்துப் பதிவு செய்த தருண் சாப்ராவின் நூல் 2015-இல் ஹார்வர்டு வரிசையில் வந்தது. ஆனால் அந்தப் புல்வெளிகளில் எவ்வளவு மிச்சம்? வெள்ளையர் காலத்தில் சீகை மரமும் தைலமரமும் நுழைந்தன. விடுதலைக்குப் பிறகு தொழிற்சாலைக் கூழுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் மலை மலையாக அவற்றை நட்டோம். தேயிலை பரவியது. குந்தா மின்திட்டத்துக்காகப் பள்ளத்தாக்குகளில் அணைகள் எழுந்தன. போர்த்திமந்து இன்று வரைபடத்தில் அணையின் பெயர், ‘மந்து’ என்ற ஈற்றில் மட்டும் பழைய கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்மனைக்குக் கூரை வேயும் புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு வற்றினால் புல் இல்லை, புல் இல்லையென்றால் கூரை இல்லை. பாட்டில் வரும் இணைப்பெயரைப் புத்தகம் காப்பாற்றலாம். அந்தப் பெயருக்குரிய குன்றில் தைலமரம் நிற்கும்போது, பாடுகிற பேரப்பிள்ளைக்கு அது வெறும் ஒலி.

தோடர் பெண்கள் சிவப்பும் கறுப்பும் நூலால் வெள்ளைப் போர்வையில் போடும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஊட்டி அருகே முத்தொரை பாலாடாவில் தமிழக அரசின் பழங்குடியினர் ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. அதுவும் நல்லது. சுற்றுலாப் பயணி வாங்கிப் போகும் துணிக்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மத்துக்கும் கிடைத்த கவனம் பாட்டுக்கும் கதைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் குறை. எமனோ எழுதிவைத்தவை ஒலிக்குறிகளிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அந்தக் குறிகளைப் படிக்க மொழியியல் தெரிந்திருக்க வேண்டும், அந்த நூலை எடுக்கப் பெரிய நூலகத்தின் கதவு திறக்க வேண்டும்.

செய்யக்கூடியவை தொலைவில் இல்லை. தோடர், கோத்தர் மொழிகளின் ஒலிகளைத் தாங்கும்படி தமிழ் எழுத்தில் சில குறிகள் சேர்த்து, அந்தப் பாட்டுகளையும் கதைகளையும் அந்தச் சமூகத்து மூத்தவர்களின் கண்பார்வையில் திரும்ப அச்சிடலாம். வெளியார் காதுக்கு வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை விட்டுவிடலாம். அட்டையில் தொகுத்தவரின் பெயருக்கு மேலே சொன்னவரின் பெயரைப் போடலாம். நீலகிரியின் பள்ளிகளில் படிக்கும் கோத்தப் பிள்ளைகள் கையில் முதலில் கொடுக்க வேண்டிய புத்தகம், அவர்கள் ஊரின் வாத்தியார் சுல்லி சொன்ன கதைகள்.